மூன்று நாள் க்ரீமும் மூன்று மாதப் பருவும்

காலையில் கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் ஏறினால் கூட்டத்தில் பாதி படிக்கிற பிள்ளைகள். இன்டர் படிப்பவர்கள், டிகிரி படிப்பவர்கள், திருப்பதியில் கோச்சிங் சேர்ந்தவர்கள். தெலுங்கில் தொடங்கிய பேச்சு தமிழில் முடியும், தமிழில் தொடங்கியது தெலுங்கில் முடியும். இந்த வயதுப் பிள்ளைகள் எங்கே கூடினாலும் நெற்றியிலோ கன்னத்திலோ தாடையிலோ பருவோடு பல முகங்கள் இருக்கும். உலக நோய்ச் சுமையைக் கணக்கிட்ட 2010ஆம் ஆண்டின் ஆய்வு, உலக மக்களில் 9.4 சதவீதம் பேருக்கு முகப்பரு இருப்பதாகச் சொன்னது. பரவலான நோய்களின் வரிசையில் அதற்கு எட்டாவது இடம்.

எல்லாருக்கும் வருவது, தானே போய்விடுவது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வந்த 309 முகப்பரு நோயாளிகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. அவர்களில் 39.5 சதவீதம் பேருக்குத் தழும்பு விழுந்திருந்தது. 24.6 சதவீதம் பேருக்குப் பரு இருந்த இடம் கருத்துப் போயிருந்தது. பத்துப் பேரில் ஆறு பேர் 16 முதல் 20 வயதுக்குள் இருந்தார்கள். பரு போய்விடும், ஆனால் பத்தில் நான்கு பேருக்கு அது பள்ளத்தை விட்டுவிட்டுத்தான் போகும் என்பது இதன் பொருள். மருத்துவமனை வரை வந்தவர்களின் கணக்கு இது என்பதால் ஊரில் உள்ள எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் தென்னிந்தியத் தோலில் பரு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு நம் கையில் உள்ள நல்ல சாட்சிகளில் இது ஒன்று.

தழும்பு விழுவதற்கு முன்பே வைத்தியம் தொடங்கினால் பெரும்பாலும் அதைத் தடுத்துவிடலாம். அதற்கான மருந்துகள் அரை நூற்றாண்டாகக் கையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் சிறிய ஊர்களில் பிள்ளைகளின் முகம் கெட்டுப்போவதற்குக் காரணம், பரு தன் வேலையைச் செய்யும் வேகத்துக்கும் நாம் பலன் எதிர்பார்க்கும் வேகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மெடிக்கல் ஷாப் ட்யூப் ஒன்று நுழைகிறது.

முதலில் பரு எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம்.

முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய முடிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குழியிலிருந்து முளைக்கிறது. அந்தக் குழியின் பக்கவாட்டில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். முகம், மார்பு, முதுகின் மேல்பகுதி ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. அதனால்தான் பரு அங்கே வருகிறது, உள்ளங்கையில் வருவதில்லை. எட்டு ஒன்பது வயதில் அட்ரினல் சுரப்பி விழித்துக்கொள்கிறது. பருவ வயதில் விந்தகமும் கருப்பையின் பக்கத்தில் உள்ள சூலகமும் சேர்ந்துகொள்கின்றன. ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்கள் பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கின்றன. இவை எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிவிடுகின்றன.

இந்தத் தொடர்பை நிறுவியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர். பருவ வயதுக்கு முன்பே விந்தகம் செயலிழந்தவர்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண் ஹார்மோன் செலுத்தினால் பரு முளைக்கிறது என்பதையும் அவர் 1941இல் எழுதினார். முகம் கழுவாததால் பரு வருகிறது என்று பிள்ளைகளைத் திட்டுகிற வீடுகளில் இந்த ஒரு தகவலைச் சொன்னாலே பாதி வசவு குறையும்.

எண்ணெய் பெருகுவது முதல் படி. அதே சமயத்தில் குழியின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. இந்த அடைப்பு தொடங்கும்போது கண்ணாடியில் எதுவும் தெரியாது. தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. அது மெல்ல வளர்ந்து வெண்ணிற முண்டாகவோ கரும்புள்ளியாகவோ வெளியே தெரிவதற்குச் சுமார் எட்டு வாரங்கள் ஆகின்றன. அதாவது இன்று ஒரு பிள்ளையின் கன்னத்தில் சிவந்து நிற்கும் பருவின் வேலை போன மாதத்துக்கும் முன்பே தொடங்கிவிட்டது. இன்று தெளிவாக இருக்கிற தோலுக்கு அடியில் அடுத்த இரண்டு மாதத்துக்கான பருக்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன.

கரும்புள்ளியின் கருப்பு அழுக்கு அல்ல. அடைப்பின் மேல்முனை காற்றில் பட்டு, அதில் உள்ள மெலனின் நிறமியும் கொழுப்பும் ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கின்றன. அதைத் தேய்த்துக் கழுவினால் போகாது. ஜிப்மர் ஆய்வில் வாய் திறந்த இந்தக் கரும்புள்ளிகளைவிட வாய் மூடிய வெண்முண்டுகள் 4.9 மடங்கு அதிகமாக இருந்தன. வெளிச்சத்தில் முகத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் இந்த வெண்முண்டுகள் தெரியும். ‘எனக்குப் பருவே இல்லை, முகம் சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்’ என்று சொல்பவர்களில் பலருக்கு இருப்பது இதுதான்.

அடைபட்ட குழிக்குள் காற்று குறைவு, எண்ணெய் அதிகம். கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற நுண்ணுயிருக்கு இது வசதியான இடம். இந்தக் கிருமி யாரிடமிருந்தும் தொற்றுவதில்லை. பரு உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமின்றி எல்லார் தோலிலும் குடியிருக்கிறது. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் உன்னா 1896இலேயே பருவுக்குள் இதைப் பார்த்துவிட்டார். நம் உடலின் எதிர்ப்புச் சக்தி இதற்கு எதிராகக் கிளம்பும்போது சிவப்பும் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகின்றன. குழியின் சுவர் தோலுக்கு அடியில் வெடித்தால் கட்டி. கட்டி ஆழத்தில் கொலாஜன் என்ற தோல் புரதத்தைத் தின்றால் பள்ளம். விரலால் பிதுக்கும்போது பாதி சீழ் வெளியே வரும், மீதி உள்ளே பிதுங்கிச் சுவரை உடைக்கும். பிதுக்குவதால் தழும்பு வருகிறது என்ற பாட்டிகளின் எச்சரிக்கை முழுக்கச் சரி.

சாப்பாட்டைப் பற்றிய எச்சரிக்கைகள் அவ்வளவு சரியாக இருப்பதில்லை. சித்தூர் மாவட்டம் மாம்பழ நாடு. மே முதல் ஜூலை வரை சாலையெங்கும் மாங்காய் லாரி, கிளிமூக்கு மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகும் வரிசை. அந்த மாதங்களில் யாருக்குப் பரு வந்தாலும் பழி மாம்பழத்தின் மேல், அது சூடு என்று. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் உதட்டோரத்திலும் கன்னத்திலும் புண் வரும் என்பது உண்மை. அந்தப் பாலில் உள்ள வேதிப்பொருள் தோலை அரித்தும் ஒவ்வாமையை ஏற்படுத்தியும் காயமாக்குகிறது. அது பரு அல்ல. கோடைப் புழுக்கத்தில் வரும் வேனல் கட்டியும் பரு அல்ல. மாம்பழச் சதை பருவைக் கிளப்புகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அதற்காகச் சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்த ஆய்வு, பருவில் மாற்றமில்லை என்றது. ஆனால் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த போலி மிட்டாயிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. அந்த ஓட்டை ஆய்வின் பலத்தில் பல்லாண்டு காலம் உணவு என்ற கேள்வியே மூடிக் கிடந்தது. 2002இல் லோரன் கோர்டெய்ன் என்ற ஆய்வாளரின் குழு, பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்து ஒருவரிடமும் முகப்பரு இல்லை என்று எழுதியது. அவர்கள் சாப்பிடுவது கிழங்கு, பழம், மீன், தேங்காய். 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு குறைந்தது. சர்க்கரை சட்டென ஏறினால் இன்சுலினும் அதைச் சேர்ந்த ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் ஏறி எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன என்பது விளக்கம். ஜிம் போகும் பையன்கள் கலக்கிக் குடிக்கும் வே புரதத்தின் மீதும் இதே சந்தேகம் உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, இதையெல்லாம் பார்த்த பிறகும், குறிப்பிட்ட உணவை ஒதுக்கச் சொல்ல ஆதாரம் போதாது என்றே முடிவு செய்தது. பாட்டில் பானத்தையும் பேக்கரி பண்டத்தையும் குறைத்துப் பார்ப்பது நல்லதுதான். மாம்பழத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அது நிஜமான குற்றவாளி. நெற்றியின் மேல்விளிம்பிலும் கன்னப்பொறியிலும் மட்டும் சின்னச் சின்ன முண்டுகள் வரிசை கட்டி நின்றால், காலையில் வழிய வழியத் தேய்த்த எண்ணெய் முகத்தில் இறங்கியதுதான் பெரும்பாலும் காரணம். தலைமுடிப் பூச்சுகளால் வரும் இந்த வகைப் பருவை 1970இலேயே பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விவரித்திருக்கிறார்கள். எண்ணெயை இரவில் தலைமுடிக்கு மட்டும் வைத்துக் காலையில் அலசினாலே சிலருக்கு நெற்றி தெளிந்துவிடும்.

இங்கே செஞ்சந்தனத்தைச் சொல்லாமல் விட முடியாது. சேஷாசலம் மலைகளிலிருந்து கடப்பை வரை விரிந்த காடுகள்தான் உலகில் செம்மரத்தின் சொந்த இடம். கல்லில் இழைத்த செஞ்சந்தனத்தைப் பருவின் மேல் தடவுவது இந்த வட்டாரத்தில் வழிவழியாக வரும் கைவைத்தியம். உடைந்த எலும்புக்கு வெளிமாநிலத்திலிருந்தும் ஆட்கள் தேடிவரும் புத்தூர்க் கட்டு பக்கத்திலேயே இருக்கும்போது, நாட்டு மருந்தின் மேல் இங்குள்ளவர்களுக்கு நம்பிக்கை இருப்பதில் ஆச்சரியமில்லை. குளிர்ந்த சந்தன விழுது எரிச்சலுக்கு இதமாக இருக்கும். ஆனால் தோலின் மேல் காயும் விழுது குழிக்குள் எட்டு வாரமாக வளரும் அடைப்பைத் திறப்பதாகக் காட்டிய நல்ல ஆய்வு இல்லை. கடையில் ‘செஞ்சந்தனப் பொடி’ என்று கிடைக்கும் பாக்கெட்டில் இருப்பது எந்த மரத்தூள் என்பதும் நிச்சயமில்லை. அழிவின் விளிம்பில் உள்ள மரம் அது. சந்தனமாவது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் டூத்பேஸ்ட்டும் தோலைப் பொசுக்கும். எலுமிச்சை தடவி வெயிலில் போனால் கருப்புத் திட்டே விழும்.

சரி, குழிக்குள் போய் வேலை செய்வது எது?

1969இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், ஃபுல்டன், பிளெவிக் ஆகியோர் வைட்டமின் ஏயின் அமில வடிவத்தைப் பருவில் தடவிய முடிவுகளை வெளியிட்டார்கள். செத்த செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் உதிர்ந்து குழியின் வாய் திறந்தது. டிரெட்டினாயின் என்ற அந்த மருந்தும் பிறகு வந்த அடாபலீனும் இன்றுவரை பரு வைத்தியத்தின் அடித்தளம். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின்னால் ஒரு கறை உண்டு. கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பலவிதமான சோதனைகளை நடத்தினார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். என்ன தடவப்படுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. பென்சில்வேனியா மருத்துவப் பள்ளி 2021இல்தான் இதற்கு மன்னிப்புக் கேட்டது. இன்று நம் வீட்டுப் பிள்ளை தடவும் மருந்தின் வரலாற்றில் அந்தக் கைதிகளின் முதுகும் இருக்கிறது.

அடாபலீனைப் பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்கிறார்கள். தெரியும் பருவுக்கு அது பெரிதாக உதவாது. தெரியாத அடைப்புகளைத் திறக்கத்தான் அது. இரவில் முகம் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். முதல் வாரங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தோல் உலரும், உரியும், லேசாக எரியும். மேலே சாதாரண மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளலாம். சிலருக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பரு முன்னைவிடக் கூடியதுபோல் தெரியும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் ட்யூபைத் தூக்கி எறிகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆன பிறகே பலன் தெரியும். பருவே எட்டு வாரத்தில் வளர்வது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பில் குழப்பம் இருக்காது. வயிற்றில் குழந்தை இருப்பவர்களும் குழந்தைக்கு முயல்பவர்களும் இந்த வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் காலையில் பென்சாயில் பெராக்சைடு. கிருமியை ஆக்சிஜனால் கொல்வதால் இதற்கு எதிராகக் கிருமி பழகிக்கொள்வதில்லை. 2.5 சதவீத ஜெல், 10 சதவீதத்துக்கு இணையாகவே வேலை செய்கிறது, எரிச்சல்தான் குறைவு. தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும் என்பதால் பழைய துணியாக இருந்தால் நல்லது. மாறாக, கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகத் தடவுவதும், அசித்ரோமைசின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் கிருமியைப் பழக்கிவிடுகின்றன. டெல்லியில் பரு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை எரித்ரோமைசினுக்கும் அசித்ரோமைசினுக்கும் அடங்கவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. டாக்ஸிசைக்ளின் இன்னும் வேலை செய்கிறது. அதையும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் அடங்காத கட்டிப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் கேரி பெக், எந்த மருந்துக்கும் மசியாத 14 பேருக்கு இதை நான்கு மாதம் கொடுத்தார். 13 பேருக்கு முகம் முழுக்கத் தெளிந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் பல மாதங்கள் பரு திரும்பவில்லை. எண்ணெய்ச் சுரப்பியையே இது சுருக்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1982இல் அனுமதி கிடைத்தது. அன்று கொடுத்த அளவில் சிறு பங்கைத்தான் இன்று கொடுக்கிறார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் தினமும் 10 அல்லது 20 மில்லிகிராம் என்று குறைந்த அளவில் பல மாதம் கொடுப்பது வழக்கம். உதடு காய்ந்து வெடிப்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். ரத்தக் கொழுப்பையும் கல்லீரலையும் பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வு கூடுகிறதா என்று வீட்டாரும் கவனிக்க வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது: இந்த மாத்திரை கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் பெண்ணின் முகத்துக்காக இதை வாங்கிக் கொடுப்பவர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்த மெடிக்கல் ஷாப் ட்யூபுக்கு வருவோம்.

கடையில் நிற்கிற பெண் சீட்டு எதுவும் நீட்டுவதில்லை. ‘அண்ணா, முகத்துக்குப் பரு க்ரீம் குடுங்க, சீக்கிரம் போகணும்’ என்கிறாள். கடைக்காரர் கை தானாக ஒரு ட்யூபுக்குப் போகிறது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது ஒன்று. தனியாகவோ, ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவையாகவோ. இந்தக் கலவைக்கும் மூலம் அதே கிளிக்மன்தான். மங்கு எனப்படும் கருந்திட்டுக்காக 1975இல் அவர் ஒரு சூத்திரம் எழுதினார். அதில் டெக்சாமெத்தசோன் இருந்தது. இங்கே அது மொமெட்டசோனாக மாறி, சில வாரம் மட்டும் தடவ வேண்டிய மருந்து வருடக்கணக்கில் தடவும் பவுடர்போல் ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் சிவப்பு வடிகிறது. ஒரு வாரத்தில் முகம் ஒரு சாயல் வெளுக்கிறது. தோழிகள் என்ன போடுகிறாய் என்று கேட்கிறார்கள், ட்யூப் பேர் கைமாறுகிறது. ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கி, எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைத்திருக்கிறது. குழிக்குள் அடைப்பு அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் ஒரே அளவான சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. கன்னத்தில் மெல்லிய ரத்த நரம்புகள் தெரிகின்றன. வெயிலில் போனால் எரிகிறது. பெண்களின் கன்னத்தில் பூனைமுடி அடர்கிறது. பயந்து நிறுத்தினால், கொதிக்கும் உலையை அமுக்கியிருந்த மூடியைத் திறந்ததுபோல முகம் முழுக்கச் சிவந்து பொங்குகிறது. பொறுக்க முடியாமல் மறுபடி அதே ட்யூப். இந்தச் சுழலுக்கு இந்தியத் தோல் மருத்துவர்களே ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம் என்று பெயர் வைத்தார்கள்.

இது எவ்வளவு பரவலானது என்பதை நாட்டின் 12 மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 24 சதவீதம் பேர் பருவுக்காகத் தடவியவர்கள். 59.3 சதவீதம் பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. 90.5 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவுகளில் முதலிடம் எதற்கு என்றால், பருவுக்குத்தான். வீரியம் மிகுந்த ஸ்டீராய்டுகளை நகரத்தாரைவிடக் கிராமத்தாரும் புறநகர்க்காரர்களும் அதிகம் தடவினார்கள் என்பதையும் அந்த ஆய்வு தனியாகக் குறித்தது. கார்வேட்டிநகரம் போன்ற ஊர்களுக்கு அந்த வரி நேரடியாகப் பொருந்தும்.

சட்டத்தில் நெடுங்காலம் ஓர் ஓட்டை இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஊசிக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும். தோல்மேல் பூசும் க்ரீமுக்கு விலக்கு. தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டு போராடியது, நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை ஹெச்சுக்குள் கொண்டுவந்தது. இப்போது சீட்டில்லாமல் இவற்றை விற்பது சட்டப்படி குற்றம். சட்டம் வந்தபின்னும் கடைகளில் ட்யூப் கைமாறுவது நிற்கவில்லை என்பது தோல் மருத்துவமனை வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்த்தாலே தெரியும். அதனால் வாங்குபவர் கண்ணும் கூர்மையாக வேண்டும். பெட்டியின் மேல்மூலையில் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி இருக்கிறதா? மருந்தின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் ‘சோன்’, ‘சோலோன்’, ‘டசால்’ என்று முடியும் பெயர் ஏதாவது உண்டா? அப்படி ஒரு பெயர் இருந்தால், பருவுக்கு அது மருந்து அல்ல.

ஏற்கனவே மாதக்கணக்கில் தடவியவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தித் தனியாகத் தவிக்க வேண்டாம். வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாறி, நாள் இடைவெளி விட்டு, இதமான மாய்ஸ்சரைசரோடு படிப்படியாக இறக்க மருத்துவர்களுக்கு வழி தெரியும். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, வேலூர் சிஎம்சியிலும் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ-சஞ்சீவனி வழியாக வீடியோவில் மருத்துவரைப் பார்க்கக் கேட்கலாம், கட்டணம் கிடையாது. ஆந்திராவில் இந்தச் சேவையை மக்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். போகும்போது இதுவரை தடவிய ட்யூப்களைக் காலியானதையும் சேர்த்துப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு காலம் என்பது தெரியாமல் வைத்தியம் தொடங்குவது கடினம்.

இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தாடையிலும் கழுத்தோரத்திலும் மாதவிலக்குக்கு முன்னால் மட்டும் பரு கூடினால், மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, மீசைப் பகுதியில் முடி வளர்கிறதா என்று மருத்துவர் கேட்பார். சூலகத்தில் நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் இருந்தால் க்ரீம் மட்டும் போதாது. ஹார்மோன் பரிசோதனையும் மாத்திரையும் தேவைப்படலாம்.

பரு அடங்கியபின் மிஞ்சுவது கருமையா பள்ளமா என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். கருமை நம் நிறத் தோலில் அதிகம். வெயிலில் சன்ஸ்கிரீன் தடவி, அடாபலீனைத் தொடர்ந்தால் ஆறு மாதம் ஒரு வருடத்தில் பெரும்பாலும் மங்கிவிடும். அவசரப்பட்டு ‘கருமை நீக்கும்’ க்ரீம் தேடிப் போனவர்கள்தான் மறுபடி ஸ்டீராய்டில் விழுகிறார்கள். பள்ளம் தானாக மேலே வராது. நுண்ணூசிகளால் தோலைக் குத்திப் புதிய கொலாஜனை வளர்ப்பது, பள்ளத்தின் அடியில் இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசிமுனையால் அறுத்துவிடுவது, குறுகிய ஆழப் பள்ளத்தின் உள்ளே டிசிஏ அமிலம் தொட்டு வைப்பது, லேசர் என்று வழிகள் உண்டு. நான்கைந்து அமர்வு ஆகும். பள்ளம் ஆழம் குறையும், முழுதாக மறையாது. ஐசோட்ரெட்டினாயின் நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகே இவற்றைச் செய்யலாம் என்று ஒரு காலத்தில் சொல்லி நோயாளிகளைக் காக்க வைத்தார்கள். 2017இல் பெங்களூருவின் வெங்கடராம் மைசூர் தலைமையில் இந்தியத் தோல் அறுவை மருத்துவர்கள் ஆதாரங்களைப் புரட்டிப் பார்த்து, நுண்ணூசி போன்ற பல சிகிச்சைகளை மாத்திரை சாப்பிடும்போதே பாதுகாப்பாகச் செய்யலாம் என்று வழிகாட்டி வெளியிட்டார்கள். தழும்பு புதிதாக இருக்கும்போதே வைத்தியத்துக்குப் போனால் பலன் கூடுதல் என்பதால், அந்த ஆறு மாதத்தை வீணாக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.